கென்டக்கி போக எந்த வழி: மலைக் கணவாயா, ஓஹியோ ஆறா?

அமெரிக்கக் குடியேறிகள் என்றதும் நம் கண்ணில் வருவது வெள்ளைத் துணி போர்த்திய கூண்டு வண்டிகள் புல்வெளியில் வரிசையாகப் போகும் காட்சிதான். அது 1840களில் ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் போனவர்களின் கதை. நான் சொல்லப்போவது அதற்கு அறுபது எழுபது வருடம் முந்தையது. அப்போது கிழக்குக் கரையில் இருந்தவர்களுக்கு மேற்கு என்றால் கென்டக்கி. நடுவே சுவர் மாதிரி அப்பலாச்சியன் மலைத்தொடர். மலைக்கு அந்தப் பக்கம் கரும்புத் தோட்டம் போல உயர்ந்து நிற்கும் காட்டு மூங்கில், காட்டெருமை, கறுப்பு மண் என்று போய்வந்தவர்கள் சொல்லச் சொல்ல, புகையிலை போட்டுப் போட்டு மண் செத்துப்போன வர்ஜீனியாவில் இருந்த சின்ன விவசாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போவது என்று முடிவான பிறகு அடுத்த கேள்வி எந்த வழியாக என்பது. வழி இரண்டுதான். ஒன்று, தெற்கே இறங்கி கம்பர்லாந்து கணவாய் வழியாக மலையைத் தாண்டும் 'வைல்டர்னஸ் ரோடு' என்ற காட்டுப் பாதை. இன்னொன்று, பிட்ஸ்பர்க் பக்கம் போய் ஒரு தட்டைப் படகு வாங்கி, ஓஹியோ ஆற்றில் மிதந்து இறங்குவது. பிலடெல்பியாவிலிருந்து கணக்குப் போட்டால், கணவாய் வழியாகக் கென்டக்கியின் உள்பகுதிக்கு ஏறத்தாழ 800 மைல். ஆற்று வழி என்றால் பிட்ஸ்பர்க் வரை தரையில் 300 மைல், அங்கிருந்து லைம்ஸ்டோன் என்ற இறங்குதுறை வரை தண்ணீரில் 400 மைல், பிறகு லெக்சிங்டனுக்கு இன்னும் 65 மைல் நடை. ஆக, தூரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. வேறு விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் காட்டுப் பாதை. சாலை என்று பெயர் இருக்கிறதே தவிர, இருபது வருடத்துக்கு மேல் அது வெறும் ஒற்றையடிப் பாதைதான். அதையும் புதிதாக யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. காட்டெருமைகளும் பூர்வகுடிகளும் தலைமுறை தலைமுறையாக நடந்த தடம் அது. டாக்டர் தாமஸ் வாக்கர் 1750இல் கணவாயைப் பார்த்து எழுதிவைத்தார். 1775 மார்ச்சில் ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற நில வியாபாரி, சிக்கமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் செரோக்கி என்ற பூர்வகுடி இனத்தின் தலைவர்கள் சிலரிடம் பேசிக் கென்டக்கியின் பெரும்பகுதியை 'வாங்கி', டேனியல் பூன் என்ற வேட்டைக்காரரைச் சுமார் 30 கோடரிக்காரர்களோடு பாதை வெட்ட முன்னால் அனுப்பினார். விற்பது கூடாது என்று அதே கூட்டத்தில் எதிர்த்தவர் டிராகிங் கனூ என்ற இளம் தலைவர். பிறகு பல வருடம் அவர் சண்டை போட்டதும் இதற்காகத்தான். அந்தக் காடுகளில் வேட்டையாடி வந்த ஷானி என்ற இன்னொரு பூர்வகுடி மக்களை இந்த விற்பனையில் யாரும் கேட்கவே இல்லை. ஆகவே வழியில் 'தாக்குதல் ஆபத்து' என்று இனிமேல் நான் எழுதும் இடத்திலெல்லாம், தங்கள் வேட்டைக்காட்டில் அனுமதி கேட்காமல் நுழைந்தவர்களை அவர்கள் தடுத்தார்கள் என்றும் சேர்த்தே படிக்கவும்.

பூனின் ஆட்கள் வெட்டியது குதிரை போகும் அளவுக்கு மட்டும். பின்னால் வண்டிகளோடு வந்த ஹெண்டர்சனே கணவாய்க்கு முன்னால் உள்ள பவல் பள்ளத்தாக்கில் வண்டிகளை விட்டுவிட்டுப் பொதிக்குதிரைகளுக்கு மாற வேண்டியதாயிற்று. 1781இல் லூயிஸ் கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் போதகர் வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியாவிலிருந்து தன் சபையையே, ஐந்நூறு பேருக்குக் குறையாமல், கிளப்பிக்கொண்டு போனார். அவர்களும் பாதி வழியில் வண்டிகளை விட்டுத்தான் மலை ஏறினார்கள். வண்டி போகும் பாதையாக அது ஆனது 1796இல்தான். அதாவது, இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் வீடு முழுவதும் குதிரை முதுகில் ஏறியாக வேண்டும். ஒரு குதிரை சுமக்கும் பொதி சுமார் 90 கிலோ. உப்பு, விதைச் சோளம், கோடரித் தலை, மண்வெட்டித் தகடு, ஒரு இரும்புச் சட்டி, வெடிமருந்து, ஈயம் என்று அடுக்கினாலே அது நிரம்பிவிடும். மரப்பிடிகளை யாரும் சுமக்க மாட்டார்கள், போன இடத்தில் செதுக்கிக்கொள்ளலாம். கட்டில், மேசை, நூற்கும் ராட்டினத்தின் பெரிய சக்கரம் எல்லாம் உறவுக்காரர் வீட்டில் விட்டுவர வேண்டியவை. சின்னக் குழந்தைகளைக் கூடையில் வைத்துக் குதிரையின் இரண்டு பக்கமும் தொங்கவிடுவார்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, எடை சரியாக இருக்க வேண்டும் என்று நடுநடுவே மாற்றி வைப்பார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் நடக்க வேண்டியதுதான். மாடுகளை ஓட்டுவதும் அவர்கள் வேலை.

இந்தப் பாதை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, பூனுக்குப் பின்னாலேயே 1775இல் போன வில்லியம் கால்க் என்பவரின் நாட்குறிப்பைப் போல வேறொன்று இல்லை. எழுத்துப் பிழை வரிக்கு இரண்டு. ஆனால் ஒளிவுமறைவு கிடையாது. மார்ச் 13ஆம் தேதி வர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியிலிருந்து கிளம்புகிறார். நண்பர்கள் கூடிய முதல் இடத்திலேயே ஒருவரின் நாய் இன்னொருவரின் நாயின் காலை உடைத்துவிடுகிறது. பயணக்குறிப்பின் முதல் செய்தியே அதுதான். பிறகு ஒரு நாள் ஒரு குதிரை மிரண்டு ஓடி, வெடிமருந்து வைத்திருந்த மூன்று சுரைக்குடுக்கைகளை உடைக்கிறது. இன்னொரு நாள் ஆபிரகாம் என்ற தோழரின் பெண்குதிரை பொதியோடு ஆற்றில் பாய்ந்து அக்கரைக்கு நீந்திவிட, அவர் பின்னாலேயே நீந்திப் போய் அதன் மேல் ஏறித் திருப்பிக் கொண்டுவருகிறார். ஏப்ரல் 8ஆம் தேதி கணவாயைக் கடக்கும்போது எதிரே ஒரு பெருங்கூட்டம், பூனின் ஆட்கள் சிலர் கொல்லப்பட்டார்கள் என்று கேட்டுப் பயந்து திரும்பி வருகிறது. கால்க்கின் கூட்டம் தொடர்ந்து போகிறது. ஏப்ரல் 20இல் பூனின் புதுக் குடியிருப்பான பூன்ஸ்பரோ. மொத்தம் 39 நாள்.

'திரும்பி வருகிறது' என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

காட்டுப் பாதையின் கஷ்டம் தூரத்தில் இல்லை, ஏற்ற இறக்கத்திலும் ஆறுகளிலும் இருந்தது. ஹோல்ஸ்டன், கிளிஞ்ச், பவல் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகள், நடுவே மலைகள். பாலம் கிடையாது, ஆழம் குறைந்த துறையில் இறங்கிக் கடக்க வேண்டும். காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மேலே மழை பெய்தால் மதியத்துக்குள் குதிரையை அடித்துப்போகும். ஒரே ஆற்றை ஒரே நாளில் பலமுறை கடப்பதும் சாதாரணம், ஏனென்றால் பாதை ஆற்றின் வளைவோடு சண்டை போடாமல் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். குளிர்காலத்தில் ஈரத்துணி உடம்பிலேயே விறைத்துக்கொள்ளும். 1796 டிசம்பரில் அந்தப் பக்கம் போன மோசஸ் ஆஸ்டின் (பின்னாளில் டெக்சாஸில் அமெரிக்கர்களைக் குடியேற்றிய ஆஸ்டின் குடும்பம்தான்) எழுதிவைத்ததைப் படித்தால் கஷ்டமாக இருக்கும்: காலில் செருப்பு இல்லாமல், கந்தலோடு, பனியிலும் பனிக்கட்டியிலும் நடக்கும் பெண்களும் பிள்ளைகளும். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் நிலத்துக்கு என்கிறார்கள். நிலம் இருக்கிறதா? இல்லை, கிடைக்கும் என்று நம்புகிறோம். பணம் இருக்கிறதா? அதுவும் இல்லை.

சரி, ஆற்றுக்கு வருவோம்.

பிட்ஸ்பர்க்கிலும், மொனாங்கஹீலா ஆற்றங்கரையில் ரெட்ஸ்டோன் என்ற ஊரிலும், வீலிங்கிலும் படகு கட்டிக் கொடுப்பதே ஒரு தொழிலாக இருந்தது. 'கென்டக்கிப் படகு' என்று அதற்குப் பெயர். படகு என்றால் நம் ஊர்த் தோணி மாதிரி நினைக்க வேண்டாம். மிதக்கும் மாட்டுக்கொட்டகை என்று நினைத்தால் சரியாக இருக்கும். 12 முதல் 16 அடி அகலம், 40 முதல் 60 அடி நீளம், அடிப்பாகம் தட்டை, சுற்றிலும் குண்டு துளைக்காத அளவுக்குத் தடித்த பலகை. ஒரு பாதிக்குக் கூரை, அதன் கீழே குடும்பம். மறுபாதியில் மாடும் குதிரையும். களிமண் பூசிய அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட துடுப்புகள், ஆனால் அவை படகைச் செலுத்துவதற்கு அல்ல, மணல்திட்டில் முட்டாமல் திருப்புவதற்கு. செலுத்துவது ஆறு. நல்ல வெள்ளம் இருந்தால் பத்து நாளுக்குள் லைம்ஸ்டோனில் இறங்கிவிடலாம். இறங்கிய பிறகு படகைப் பிரித்தால் பலகை மிச்சம். அறுப்புப் பட்டறை இல்லாத ஊரில் அந்தப் பலகைக்குத் தனி மதிப்பு, தரையாகவும் கதவாகவும் ஆகிவிடும்.

கேட்கும்போது ஆசையாக இருக்கிறதா? பலருக்கும் அப்படித்தான் இருந்தது. மஸ்கிங்கம் ஆறு கலக்கும் இடத்தில் இருந்த ஹார்மர் கோட்டைச் சிப்பாய்கள், கண்ணெதிரே கடந்துபோகும் படகுகளை எண்ணி எழுதிவைத்தார்கள். 1786 அக்டோபர் 10 முதல் 1787 மே 12 வரை 177 படகு, 2,689 ஆட்கள், 1,333 குதிரை, 766 மாடு, 102 வண்டி. இந்தக் கணக்கை நான் ரசித்துப் பார்த்தேன். ஒரு படகுக்குச் சராசரி 15 பேர், ஏழெட்டுக் குதிரை, நாலு மாடு. இரண்டு பேருக்கு ஒரு குதிரை என்றால் இவர்கள் பரம ஏழைகள் இல்லை. அதோடு அந்த 102 வண்டியைப் பாருங்கள்: காட்டுப் பாதைக்காரன் வழியிலேயே விட்டுவிட்டுப் போன வண்டியை ஆற்றுக்காரன் படகில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். சாமான் அதிகம் உள்ளவனுக்கு ஆறு என்பதில் அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை.

ஆனால் ஆறு நம் வசதிக்கு ஓடாது. கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் ஓஹியோவில் தண்ணீர் வற்றி மணல்திட்டுகள் தலைகாட்டும். நடுக்குளிரில் பனிக்கட்டி மிதந்து வந்து பலகையைப் பிளக்கும். தோதான காலம் என்றால் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை. அதைத் தவறவிட்டால் ரெட்ஸ்டோனில் அறை எடுத்துத் தங்கி, கையில் இருக்கும் காசைத் தின்று தீர்த்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் அவசரமாக அடித்த படகு என்றால் கேட்கவே வேண்டாம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினானாம் என்று நாம் சொல்வது எங்கேயும் இதைவிடப் பொருந்தாது.

அப்புறம் கரை. ஆற்றின் வடகரை முழுவதும் ஷானி உள்ளிட்ட மக்களின் கையில். படகில் இருப்பவர்களுக்கு நடு ஆற்றை விட்டு ஒதுங்காதவரை ஓரளவு பாதுகாப்பு. ஆகவே கரைக்கு இழுக்கும் தந்திரங்கள் வந்தன. 1790 மார்ச்சில் சையோட்டோ ஆறு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஜான் மே என்ற நில வியாபாரி போன படகைப் பார்த்துக் கரையிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் காப்பாற்றும்படி அழுது கெஞ்சினார்கள். படகில் வாக்குவாதம். கடைசியில் இரக்கம் ஜெயித்துப் படகு ஒதுங்கியது. புதருக்குள்ளிருந்து சுட்டார்கள், மேயும் படகில் இருந்த ஒரு பெண்ணும் செத்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் பிடிபட்டார்கள். இதற்குப் பிறகு, நிஜமாகவே தப்பித்து வந்து கரையில் நின்று கத்தியவர்களை எத்தனை படகுகள் கண்டுகொள்ளாமல் போயிருக்கும் என்று யோசித்தால் தூக்கம் வராது.

காட்டுப் பாதை மட்டும் பாதுகாப்பா என்றால் இல்லை. பூனின் மூத்த மகன் ஜேம்ஸ் 1773இல் பவல் பள்ளத்தாக்கில்தான் கொல்லப்பட்டான். 1786 அக்டோபரில் லிட்டில் லாரல் ஆற்றுப் பக்கம் இரவில் முகாம் போட்டிருந்த மெக்நிட் குழுவில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். 1783இலிருந்து 1790 வரை கென்டக்கியிலும் அங்கே வரும் வழிகளிலும் கொல்லப்பட்டவர்களும் பிடிபட்டவர்களுமாக 1,500 பேருக்கு மேல் என்று நீதிபதி ஹாரி இன்னஸ் அரசுக்கு எழுதினார். களவுபோன குதிரைகள் 20,000 என்றார். இது ஒருவரின் மதிப்பீடு, அதுவும் படை அனுப்பச் சொல்லிக் கேட்கும் கடிதத்தில் வந்தது, ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாங்க வேண்டும். ஆனாலும் எந்த வழியில் போனாலும் பயம் வெறும் பேச்சு இல்லை என்பது தெரிகிறது.

இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வரலாறே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது, ஆறு மட்டும் வேறு. 1779 கடைசியில் இன்றைய நாஷ்வில் இருக்கும் இடத்தில் குடியேற ஒரு கூட்டம் கிளம்பியது. ஜேம்ஸ் ராபர்ட்சன் ஆண்களையும் கால்நடைகளையும் கூட்டிக்கொண்டு கம்பர்லாந்து கணவாய் வழியாகத் தரையில் போனார். பெண்கள், பிள்ளைகள், தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும், 'கஷ்டமில்லாமல் வரட்டும்' என்று, ஜான் டொனல்சன் தலைமையில் படகில் ஏற்றினார்கள். ஹோல்ஸ்டன், டென்னசி, ஓஹியோ, கம்பர்லாந்து என்று நாலு ஆறு, சுமார் 1,000 மைல், ஏறத்தாழ 30 படகு. அந்தக் குளிர்காலம் ஆறெல்லாம் உறைந்த கொடிய குளிர்காலம். ராபர்ட்சனின் ஆட்களுக்கு அது ஒரு விதத்தில் உதவியது. உறைந்துபோன கம்பர்லாந்து ஆற்றின் மேலேயே மாடுகளை ஓட்டிக்கொண்டு புத்தாண்டு வாக்கில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

டொனல்சன் டிசம்பர் 22ஆம் தேதி கிளம்பினார். தண்ணீர் குறைவு, உறைபனி. பிப்ரவரி கடைசி வரை கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே. மார்ச்சில் ஒரு படகு மூழ்கியது. இன்னொரு படகில் பெரியம்மை வந்தது, அதிலிருந்த 28 பேரை மற்றவர்களுக்குத் தொற்றாமல் கொஞ்சம் பின்தங்கி வரச் சொல்லியிருந்தார்கள். டிராகிங் கனூவின் சிக்கமாகா ஊர்களைக் கடக்கும்போது அந்தப் படகு பிடிபட்டது. முன்னால் போனவர்களுக்கு அலறல் கேட்டது, ஆனால் எதிர்நீச்சல் போட்டுத் திரும்ப வழியில்லை. பிடித்தவர்களுக்கும் பெரியம்மை தொற்றியது. ஜோனதன் ஜென்னிங்ஸின் படகு பாறையில் சிக்கி, குண்டு மழைக்கு நடுவே சாமான்களைத் தண்ணீரில் தள்ளி விடுவித்தபோது, முந்தைய இரவுதான் பிரசவித்திருந்த அவர் மகளின் குழந்தை அந்தக் களேபரத்தில் செத்துப்போனது. ஓஹியோவில் கலந்தபோது வெள்ளம். இனிமேல் நீரோட்டத்துக்கு எதிராகத் தள்ள வேண்டும், சாப்பாடு தீர்ந்துவிட்டது. சிலர் போதும் என்று நீரோட்டத்தோடு நாட்செஸுக்கும், சிலர் இல்லினாய்க்கும் போய்விட்டார்கள். மீதிப்பேர் ஏப்ரல் 24ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். நான்கு மாதம். அந்தப் படகுகளில் ஒன்றில் வந்த 12 வயதுப் பெண் ரேச்சல் டொனல்சன் பின்னாளில், அமெரிக்க ஜனாதிபதியாக வந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் மனைவி ஆனார்.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆறுதான் சுகம் என்று முடிவெடுத்தவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கணக்கில் விட்டது ஒன்றுதான்: நின்று யோசிக்க இடம் தராத வழி அது. காட்டுப் பாதையில் மழை வந்தால் ஒதுங்கலாம், வழியில் உள்ள மார்ட்டின் கோட்டையில் நாலு நாள் தங்கலாம், எதிரே வருபவரிடம் முன்னால் நிலவரம் என்ன என்று கேட்கலாம், பயந்தால் கால்க் பார்த்த கூட்டம் மாதிரித் திரும்பலாம். இது சௌகரியமா என்றால் இல்லை, ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் முடிவு உங்கள் கையில். படகில் ஏறும் நாளில் மொத்தப் பயணத்துக்குமான முடிவையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டீர்கள்.

கூட்டமும் ஒரு விஷயம். ஹோல்ஸ்டன் ஆற்றுப் பக்கம் பிளாக் ஹவுஸ் என்ற மரக்கோட்டையில் தனிக் குடும்பங்கள் வந்து காத்திருந்து, துப்பாக்கி உள்ள ஆண்கள் போதுமான அளவு சேர்ந்ததும் மொத்தமாகக் கிளம்புவார்கள். கையில் காசில்லாதவனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. படகுக்குக் காசு வேண்டும், அல்லது பங்கு போட இன்னொரு குடும்பம் வேண்டும். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடும் அவர்களின் பன்றியோடும் 50 அடிப் பெட்டிக்குள் பத்து நாள் என்பது தனிச் சோதனை, அதைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

மாடு வைத்திருப்பவனுக்குப் பாதை நல்லது என்பது பொதுவான பேச்சு. ஹார்மர் கோட்டைக் கணக்கு அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை, மாடும் குதிரையும் நிறையவே மிதந்து போயிருக்கின்றன. இருந்தாலும் பெரிய மந்தை என்றால் பாதைதான். வழியில் காட்டு மூங்கில் இருக்கிறது, தீவனம் சுமக்க வேண்டியதில்லை. படகில் ஒவ்வொரு மாட்டுக்கும் தீவனத்தை நீங்கள் ஏற்ற வேண்டும், அதற்கு மேல் மிரண்ட குதிரை ஒன்று பலகையை உதைத்துத் தள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பருவத்தை வைத்துப் பார்த்தால் ஆறு ஜெயிக்கிறது, இதை நான் முதலில் கவனிக்கவில்லை. வெள்ளக் காலத்தில் மிதந்து வந்தால் ஏப்ரலில் இறங்குகிறீர்கள், மரத்தின் பட்டையைச் சுற்றி உரித்துக் காயவிட்டு நடுவே சோளம் ஊன்ற நேரம் இருக்கிறது, இலையுதிர் காலத்தில் சாப்பாடு. அறுவடை முடித்துக்கொண்டு காட்டுப் பாதையில் கிளம்பியவர்கள் டிசம்பரில் போய்ச் சேர்ந்து, அடுத்த அறுவடை வரை வேட்டைக்கறியையும் அக்கம்பக்கத்தாரின் தயவையும் நம்பிக் கிடந்தார்கள். இதற்கு அந்தக் காலத்து ஆட்கள் கண்ட வழி, வசந்தத்தில் ஆண்கள் மட்டும் முன்னால் போய்க் குடிசை கட்டிச் சோளம் போட்டுவிட்டு, பிறகு குடும்பத்தை அழைத்துவருவது. பூனே அப்படித்தான், மார்ச்சில் பாதை வெட்டப் போனவர் மனைவி ரெபெக்காவையும் மகளையும் கூட்டிவந்தது அந்த வருடம் செப்டம்பரில்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1790 மக்கள்தொகைக் கணக்கில் கென்டக்கியில் இருந்த 73,677 பேரில் 12,430 பேர் அடிமைகள். ஆறில் ஒருவர். பூனின் கோடரிக்காரர்கள் மீது நடந்த முதல் தாக்குதலிலேயே செத்தவர்களில் கேப்டன் ட்விட்டியின் அடிமை சாமும் ஒருவர். எந்த வழி நல்லது என்று இவர்களிடம் யாரும் கேட்டதில்லை, பொதியைத் தூக்கியதும் துடுப்பைப் பிடித்ததும் பெரும்பாலும் இவர்கள் கைகள்தான்.

அப்படியானால் எது? வருடத்தைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். 1775இலிருந்து 1783 வரை, அதாவது சுதந்திரப் போர் நடந்த வருடங்களில், நான் காட்டுப் பாதையைத்தான் சொல்வேன், அதுவும் பெரிய கூட்டத்தோடு. ஆறு அப்போது எதிரியின் வாசல் வழியாக ஓடியது. 1784க்கும் 1794க்கும் நடுவே கேள்வி இழுபறி: வர்ஜீனியாவின் ஷெனாண்டோ பள்ளத்தாக்கிலோ வட கரோலினாவிலோ இருப்பவன் ஆற்றைத் தேடி வடக்கே போவது கழுத்தைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை, அவன் பாதையிலேயே போகட்டும், ஆபிரகாம் லிங்கனின் தாத்தா 1782 வாக்கில் அப்படித்தான் போனார். பென்சில்வேனியாக்காரனும் மேரிலாந்துக்காரனும் சாமான் நிறைய இருந்தால், நாலைந்து படகு சேர்ந்து போக ஆள் கிடைத்தால், ஆற்றில் போகலாம், கரையிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஒதுங்கக் கூடாது. 1794 ஆகஸ்டில் அமெரிக்கப் படை வடகரை மக்களைத் தோற்கடித்த ஃபாலன் டிம்பர்ஸ் சண்டையும், மறு வருடம் அவர்களோடு போட்ட கிரீன்வில் உடன்படிக்கையும் முடிந்த பிறகு வடகரையின் ஆபத்து போய்விட்டது, ஆற்றுக்கு எதிராகச் சொல்ல மழையைத் தவிர ஒன்றும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் 1796இல் காட்டுப் பாதையை வண்டிப் பாதையாக அகலப்படுத்தி, மறு வருடம் சுங்கமும் போட்டபோது, அதன் பெரிய காலம் முடியத் தொடங்கியிருந்தது.

எந்த வழியில் போனாலும் போய்ச் சேர்ந்த பிறகு இருந்த சிக்கலைப் பற்றி இரண்டு வரி. ஒரே நிலத்தின் மேல் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டாக்கள். 1779 வர்ஜீனியா நிலச் சட்டம் முன்னமே குடியேறியவர்களுக்கு 400 ஏக்கரும் அதையொட்டி 1,000 ஏக்கர் வாங்க முன்னுரிமையும் கொடுத்தது, ஆனால் அளந்து எல்லை குறிப்பது அவரவர் பாடு. 'பெரிய வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஓடை வரை' என்று எழுதினால் எந்த ஓக், எந்த ஓடை? பாதை வெட்டிய பூனே தன் நிலங்களை வழக்குகளில் இழந்து 1799இல் மிசூரி போனார். லிங்கனின் அப்பா தாமஸ் 1816இல் இண்டியானா போனதற்கும் பட்டாத் தகராறு ஒரு காரணம். நான் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் எந்தப் படகு என்று விசாரிக்கும் நேரத்தில் பாதியை நல்ல நில அளவையாளர் யார் என்று விசாரிப்பதில் செலவழித்திருப்பேன்.

கடைசியாக, வழியை ஒப்பிடும்போது யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று: ஊருக்குத் திரும்புவது. மாமனார் செத்துப்போனார், சொத்துப் பிரிக்க வேண்டும், விட்டுவந்த தங்கையை அழைத்துவர வேண்டும் என்று கிழக்கே போக வேண்டியவர்கள் எப்போதும் இருந்தார்கள். ஆற்றில் வந்தவனின் படகு அதற்குள் வீட்டுக் கதவாகியிருக்கும். அப்படியே படகாக இருந்தாலும் அதை எதிர்நீரோட்டத்தில் 400 மைல் தள்ள ஆளில்லை. ஆகவே படகில் வந்தவர்களும் திரும்பும்போது காட்டுப் பாதையில்தான் போனார்கள். 1787இல் தொடங்கிய கென்டக்கி கெசட் பத்திரிகையில் இதற்கென்றே அறிவிப்புகள் வரும்: இன்ன தேதியில் கென்டக்கியின் கிராப் ஆர்ச்சர்ட் என்ற ஊரிலிருந்து ஒரு கூட்டம் கணவாய் வழியாகக் கிளம்புகிறது, வருபவர்கள் துப்பாக்கியோடு வந்து சேரவும்.